தூங்காத தூங்குமூஞ்சி

ஊமைக்கோட்டான் என்று அண்ணி வைத்த பெயர் நாளடைவில் பாதி தேய்ந்து கோட்டான் என்று ஆகிவிட்டது. வாயைத் திறக்காமல் காரியத்தை முடிக்கிறவள் என்று பொருள். நாத்தனாருக்கு அண்ணி வைக்கிற பெயர் இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம் என்பதால் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டு பேரும் செடிகளை வாடகைக்கு விடுகிறார்கள். வெயில் படாத அறைகளில் வளரும் இலைச்செடிகள். பூக்காது, காய்க்காது, இலையே அதன் அழகு. ஆபீஸ் வரவேற்பறை, கண்ணாடிக்கடை, வக்கீல் வீட்டு முன்னறை என்று ஊர் முழுக்க அவர்களுடைய தொட்டிகள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை போய் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியால் இலை துடைத்துவிட்டு வருவார்கள். வேனை அண்ணி ஓட்டுவாள். அண்ணன் லாரிக்காரன், மாதத்தில் பாதி நாள் வெளியூர்.

இந்தத் தொழிலில் அண்ணி வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று. வாடிய இலையை வாடிக்கையாளர் கண் பார்க்கக் கூடாது. ஒரு செடி முகம் வாடத் தொடங்கினால், அதே ரகத்தில் அதே உயரத்தில் வேறொன்றை வேனிலிருந்து கொண்டுபோய், அதே தொட்டிக்குள் இறக்கி, நல்ல பக்கம் நாற்காலியைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட வேண்டும். சொல்லக் கூடாது. கேட்டாலும் சொல்லக் கூடாது.

"எத்தனை வருஷமாச்சு, ஒரு இலை பழுக்கலியே. உங்களுக்குக் கைராசி" என்று வக்கீல் சொல்வார். அண்ணி தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வாள். வேனில் ஏறியதும் சிரிப்பாள். "ராசி கையில இல்லடி. பின்னாடி வேன்ல இருக்கு."

தூக்கி வரும் நோயாளிகளை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் வைப்பார்கள். அதற்கு ஆஸ்பத்திரி என்று பெயர். இடது பக்கம் ஒரு ஜன்னல், அதில் வெள்ளைத் துணி கட்டி வெயிலை வடிகட்டியிருந்தார்கள். சில செடிகள் பிழைத்து மறுபடி வேலைக்குப் போகும். சிலது அங்கேயே தங்கிவிடும். அப்படித் தங்கிய ரப்பர் செடி ஒன்றுக்கு மீசை உண்டு. பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் காத்திருந்த ஏதோ ஒரு குழந்தை பேனாவை அழுத்தி வரைந்தது. துடைத்தாலும் போகாத வடுவாகிவிட்டதால், அடுத்த வாரமே அந்தச் செடியை மாற்றி எடுத்து வந்துவிட்டார்கள். அண்ணி அதை மாமா என்றுதான் கூப்பிடுவாள். "மாமாவுக்குத் தண்ணி காட்டினியா? அப்புறம் முறைக்கப் போறாரு."

கோட்டானுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. செடிக்குக் கண் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். வகுப்பு மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள், பிறகு போகவே இல்லை. இப்போது வளர்ந்து ஆளாகிவிட்ட பிறகும் யாராவது உற்றுப் பார்த்தால் கழுத்துக்குப் பின்னால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். செடிகளோடு அந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தாலும் அவை ஜன்னலைத்தான் பார்க்கும்.

பல் டாக்டரம்மா ஒருநாள் அண்ணியிடம் மாடிச் சாவியைக் கொடுத்தார். கீழே கிளினிக், மேலே அவர் வீடு. கணவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அக்கா வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் இருந்துவிட்டு வரப்போவதாகச் சொன்னார்.

"மேல என் ஹால்ல ஒரு செடி இருக்கு. அதையும் கொஞ்சம் பார்த்துக்கங்க."

"அதுக்கென்ன டாக்டர், பார்த்துக்கறோம்."

"கீழ இருக்கிறதை எப்படிப் பார்த்துக்கறீங்களோ, அப்படியே பார்த்துக்கங்க" என்றார். சொல்லிவிட்டுச் சாவியை உடனே விடவில்லை. அண்ணி இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

அந்த வாரம் அண்ணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் வேனிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாடிக்குக் கோட்டான்தான் போனாள்.

ஹாலில் திரைகள் எல்லாம் மூடியிருந்தன. ஒரு மூலையில் பெரிய சாய்வு நாற்காலி, உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்தது. அதற்கு நேர் எதிரே, விளக்குக்குக் கீழே ஒரு சாதாரண மர நாற்காலி. சாய்வு நாற்காலியை ஒட்டி, ஒரு முக்காலியின் மேல் செடி.

அது தூங்குமூஞ்சி. அவர்கள் வைத்த பெயர்தான். முட்டை வடிவத்தில் பெரிய இலைகள், பச்சைமேல் வெளிர்ப்பச்சைக் கோடுகள், அடிப்பக்கம் கத்திரிக்காய் நிறம். பகலில் இலைகளைத் தட்டுப்போல விரித்து வைக்கும். பொழுது சாய்ந்தால் ஒவ்வொன்றாகத் தூக்கி மேல்நோக்கி மடித்துக்கொள்ளும். அப்போது காகிதம் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஆஸ்பத்திரியில் நான்கைந்து தூங்குமூஞ்சிகள் இருந்தன. விளக்கு வைக்கும் நேரத்தில் அவை மடிவதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் கொட்டகையைப் பூட்டுவாள்.

இந்தச் செடி மோசமான நிலையில் இருந்தது. ஓரங்கள் கருகி, அடி இலைகள் பழுத்து, இலைக்கடியில் சிலந்திப்பூச்சி மெல்லிய வலை கட்டியிருந்தது. விரலை மண்ணில் விட்டாள், இறங்கவில்லை. செங்கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. மாதக்கணக்கில் யாரும் தண்ணீர் காட்டாத மண். ஒரு வாரம் மறந்தாலே சுருண்டுகொள்ளும் ரகம் இது, எப்படி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. திரையின் இடுக்கு வழியாக வலது பக்கத்திலிருந்து வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. இலைகள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லா இலைகளும் ஒன்றுபோல மர நாற்காலியைப் பார்த்தபடி இருந்தன. யாரோ போகிற போக்கில் தொட்டியைத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மற்றதெல்லாம் பழக்கத்தில் நடந்தது. கீழே போய் வேனிலிருந்து அதே உயரத் தூங்குமூஞ்சி ஒன்றைத் தூக்கி வந்தாள். நோயாளியை அதன் பிளாஸ்டிக் உள்தொட்டியோடு எடுத்துவிட்டு அதே வெளித்தொட்டிக்குள் புதியதை இறக்கினாள். நல்ல பக்கத்தை நாற்காலிக்குக் காட்டினாள். துளி மண் சிந்தாமல் துடைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் சொன்னாள். "மேல மாத்திட்டேன் அண்ணி."

அண்ணி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "எந்த மேல?"

"டாக்டரம்மா வீட்ல."

"மேல நம்ம செடி ஏதுடி?"

வேன் ஓரமாக நின்றது. அண்ணி கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்குப் போன் போட்டுச் சுற்றி வளைத்துக் கேட்டாள். பதில் சத்தமாகவே வந்தது.

"மேல இருக்கிறதா? அது சாரோட செடிக்கா. அவரே கையால வளர்த்தது. வேற யாரையும் தொட விடமாட்டார். டாக்டரைக்கூட."

அண்ணி போனை மடியில் வைத்தாள். ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"செத்துப்போன மனுஷன் வளர்த்தது. அந்தம்மாவுக்குன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணு. அதைப் போய் வழிச்சுட்டு வந்திருக்கியே."

"வாடியிருந்துச்சு."

"வாடியிருந்தா? நான் வாடியிருந்தா உங்கண்ணனுக்கு வேற ஒருத்தியை மாத்தி வெச்சிருவியா?"

அன்றே திரும்பக் கொண்டுபோய் வைக்கலாம்தான். ஆனால் பின்னால் இருந்த செடியைப் பார்த்ததும் அண்ணியே உதட்டைப் பிதுக்கினாள். வழியில் நான்கு இலைகள் காம்போடு கழன்றிருந்தன. இப்படியே வைத்தால் இரண்டு நாளில் போய்விடும், பிறகு சாகடித்த பழியும் சேர்ந்துவிடும். முதலில் பிழைக்க வைக்க வேண்டும். பிழைத்த பிறகு சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும். டாக்டரம்மாவுக்குத் தெரியவே கூடாது. இப்படித்தான் முடிவானது.

"இது செத்துச்சுன்னா, நீ போய் அந்தம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லணும். நான் வரமாட்டேன்" என்றாள் அண்ணி. கோட்டானுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

கோட்டான் தொட்டியை வாளித் தண்ணீருக்குள் முக்கி, மண்ணிலிருந்து குமிழி வருவது நிற்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பழுத்ததை எல்லாம் காம்போடு வெட்டினாள். சோப்புக் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு இலையின் அடியையும் துடைத்து வலைகளை எடுத்தாள். குழாய்த் தண்ணீரில் இந்த ரகத்துக்கு ஓரம் கருகும் என்பதால், கொதிக்க வைத்து ஆறவிட்டு ஊற்றினாள். கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் விட்டு அதன்மேல் தொட்டியை வைத்தாள். காற்று காய்ந்து போகாமல் இருக்க, ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் குச்சிகள் நட்டுக் கூடாரம்போல மூடினாள். சாப்பாட்டுத் தட்டோடு ஆஸ்பத்திரிக்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள்.

"புருஷன் வீட்டுக்குப் போனாக்கூட இப்படிப் பார்த்துக்க மாட்ட போலிருக்கு" என்று அண்ணி வாசலில் நின்று சொல்வாள்.

செடி பிழைத்துக்கொண்டது. நடுவிலிருந்து பென்சில்போலச் சுருண்ட ஒரு புது இலை வந்தது. பிறகு இன்னொன்று. பிளாஸ்டிக் பையை எடுத்துவிட்டாள்.

அதற்குள் டாக்டரம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார். அடுத்த முறை கிளினிக்குப் போனபோது அண்ணி பதற்றத்தில் இலை துடைக்கும் தண்ணீரைத் தரையில் சிந்தினாள். டாக்டரம்மா சாவியை வாங்கிக்கொண்டு "மேல செடி நல்லா இருக்கு. ரொம்ப தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவரிடம் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. மாடித் திரைகள் திறந்திருந்தன. சாய்வு நாற்காலி படிக்கட்டுக்கு அடியில், பழைய பேப்பர்க் கட்டுகளோடு தலைகீழாகக் கிடந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு வெளுத்திருந்தது.

"டாக்டர் இப்பல்லாம் பாட்டு முணுமுணுக்கறாங்கக்கா. பல்லு குடையற மிஷின் சத்தத்துக்கு மேல கேக்குது. பேஷண்டு வாயைத் திறந்துக்கிட்டு என்ன பண்ணுவான் பாவம், கேட்டுத்தானே ஆகணும்" என்றாள் டோக்கன் பெண்.

வேனில் ஏறியதும் அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "புருஷன் வெச்ச செடி இவ்வளவு செழிப்பா ஆயிடுச்சேன்னு மனசு தேறியிருக்காங்கடி. யாரோட செடியையோ பார்த்துச் சந்தோஷப்படுறாங்க. சீக்கிரம் அதைத் தேத்து."

கோட்டான் தலையாட்டினாள். அவளுக்கு வேறு ஒரு கவலை தொடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாச் செடிகளும் இடது பக்க ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். மாமாகூட மீசையை அந்தப் பக்கம்தான் திருப்பியிருப்பார். டாக்டரம்மாவின் செடி மட்டும் வலது பக்கத் தகரச் சுவரைப் பார்த்தது. அங்கே வெளிச்சம் இல்லை, துரு பிடித்த ஆணிகள்தான் இருந்தன. அவள் தொட்டியைத் திருப்பி வைத்தாள். மறுநாள் காலையில் இலைகள் மறுபடி சுவரைப் பார்த்திருந்தன. மறுபடி திருப்பினாள்.

அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "செடிக்கும் கிறுக்குப் பிடிக்கும் போல." பிறகு சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கொட்டகைக்கு வெளியே வந்து, எந்தத் திசை என்று கையை நீட்டிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி, அதற்கப்புறம் பெரிய சாலை, அதற்கப்புறம் பாலம்.

"அந்தப் பக்கந்தான் கிளினிக்கு" என்றாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு அண்ணி கொட்டகைக்குள் வருவதைக் குறைத்துக்கொண்டாள். தேவையானதை வாசலில் நின்றே கேட்டு வாங்கினாள்.

சாயங்காலங்கள்தான் இன்னும் சங்கடமாக இருந்தன. வெளிச்சம் குறையத் தொடங்கியதும் மற்றத் தூங்குமூஞ்சிகள் காகிதச் சத்தத்தோடு ஒவ்வொரு இலையாக மடிந்து கத்திரிக்காய் நிறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். டாக்டரம்மாவின் செடி மட்டும் மடியாது. எல்லா இலைகளையும் விரித்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கும். அவள் விளக்கை அணைத்துப் பார்த்தாள். கருப்புத் துணியைப் போட்டு மூடிப் பார்த்தாள். துணியை எடுத்தபோது இலைகள் அகலமாக விரிந்திருந்தன, துணிக்குள்ளே யாரோ கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்த மாதிரி. நோயின் மிச்சம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

செடி தேறத் தேற, சுவரிலிருந்து மெல்லத் திரும்பத் தொடங்கியது.

முதலில் அதை நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் வருகிறது, சரியாகிவிட்டது என்று நினைத்தாள். ஆனால் அது பாதித் தூரம் வந்து நின்றுவிட்டது. ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, கழுத்துக்குப் பின்னால் அந்தப் பழைய எறும்பு ஊர்ந்தது. அவளைத் தவிர கொட்டகையில் யாருமில்லை. மெதுவாகத் திரும்பினாள். செடியின் அத்தனை இலைகளும் அவள் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஸ்டூலைக் கதவோரம் நகர்த்தினாள். இரண்டு நாளில் இலைகள் கதவோரத்துக்கு வந்தன. ஸ்டூலைச் செடிக்குப் பின்பக்கம் கொண்டுபோனாள். செடி சிரமப்பட்டது போலிருந்தது. காம்புகள் முறுக்கிக்கொண்டன. ஆனாலும் வந்துவிட்டது.

அண்ணியிடம் அவள் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைச் சமையல்கட்டுக்கே எடுத்துப் போனாள். கொதித்து ஆறின தண்ணீரை எட்டி நின்று ஊற்றினாள். இலை துடைக்கிற அன்று, தன் விரலுக்குக் கீழே ஒவ்வொரு இலையும் லேசாக அழுத்திக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கே அண்ணியிடம் போய் நின்றாள்.

"தேறிடுச்சு. கொண்டுபோய்க் குடுத்துடலாம்."

"இன்னும் ரெண்டு இலை வரட்டுமே."

"இன்னிக்கே போலாம் அண்ணி."

அவள் இவ்வளவு அவசரப்பட்டு அண்ணி பார்த்ததில்லை.

மத்தியானம் கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் போனார்கள். சாவியை டோக்கன் பெண்ணிடம் வாங்கிக்கொண்டாள் அண்ணி. மேலே செடிக்குப் பூச்சி மருந்து அடிக்க வேண்டும் என்று ஒரு கதை. டாக்டர் சாப்பிட வெளியே போயிருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். அண்ணி முன்னால் ஏறினாள். கோட்டான் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். இலைகள் அவள் முகத்தில் உரசின.

படி திரும்பும் இடத்தில் கீழே வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா கையில் பழப்பையோடு வேகமாக ஏறி வந்தார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தவர், செடியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். பை நழுவி, ஒரு ஆரஞ்சு படிப்படியாகக் குதித்துக் கீழே போனது.

"டாக்டர், மன்னிச்சுடுங்க" என்று அண்ணி ஆரம்பித்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "இவ தெரியாம மாத்திட்டா. சார் வளர்த்ததுன்னு எங்களுக்குத் தெரியாது. மேல இருக்கிறது எங்க செடி. இதுதான் உங்களோடது. எப்படித் தேத்திக் கொண்டு வந்திருக்கோம் பாருங்க. உங்களை ஏமாத்தணும்னு இல்ல டாக்டர்."

டாக்டரம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டி மேலே ஏறினார். வீட்டுக் கதவின் முன்னால் போய், குறுக்கே நின்றார்.

"உள்ள கொண்டு வராதீங்க."

அண்ணிக்கு விளங்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் டாக்டரம்மா. "ஊர்ல இருந்து வந்த அன்னிக்குக் கதவைத் திறந்ததுமே தெரிஞ்சுது. கீழ ஒரு செடியில ஒரு குழந்தை மீசை வரைஞ்சுது. அடுத்த வாரம் பார்க்கிறேன், மீசை இல்ல. அப்பவே உங்க வேலை எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதனாலதான் சாவியைக் கொடுத்தேன்."

ஆரஞ்சு கீழே எங்கேயோ முட்டி நின்றது.

"அவர் என்னை அடிச்சதில்ல" என்று டாக்டரம்மா சொன்னார். யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல. "ஒரு வார்த்தை திட்டினதில்ல. சாயங்காலம் நான் மேல வந்ததும் அந்த மர நாற்காலியில உட்காரணும். அவர் எதிர்ல உட்கார்ந்து பார்ப்பார். படிச்சாலும் பார்ப்பார், சாப்பிட்டாலும் பார்ப்பார். என்ன வேணும்னு கேட்டா ஒண்ணும் வேணாம்னு சொல்வார். பக்கத்துல அந்தச் செடி. ஒவ்வொரு இலையா என் பக்கம் திருப்பித் திருப்பி வைப்பார், விரலால. ஜன்னல் பக்கம் போகவே விடல அதை. அவர் போனதுக்கப்புறம் தானா ஜன்னலுக்குத் திரும்பிடும்னு பார்த்தேன்."

தொட்டியைப் பார்த்தபடி அவர் நிறுத்தினார்.

"திரும்பல. தண்ணி ஊத்தாம விட்டேன். சாகல. தூக்கிப் போடலாம்னு கை வெச்சா, கை வரல. நானா போட்டா நான் கொன்ன மாதிரி ஆகிடும். நீங்க மாத்திட்டா, அது தொலைஞ்ச மாதிரி. நான் எத்தனையோ வருஷத்துக்கப்புறம் தூங்கறேன்."

அண்ணி சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள்.

டாக்டரம்மா ஒரு படி இறங்கி வந்தார். செடியின் புது இலைகளைப் பார்த்தார். "எவ்வளவு நல்லா ஆயிடுச்சு. இப்படி இருந்து நான் பார்த்ததே இல்ல. யார் கவனிச்சது?"

"இவதான் டாக்டர். பச்சைக் குழந்தை மாதிரி" என்றாள் அண்ணி பழக்கத்தில்.

டாக்டரம்மா இப்போது கோட்டானைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு பயம் வந்தது, தனக்காக இல்லாத பயம்.

"உன்னைப் பார்க்குதாம்மா அது?"

இலைகள் அவள் தாடைக்குக் கீழே இருந்தன. சில கன்னத்தைத் தொட்டன. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டரம்மா கையை நீட்டி வாங்கிக்கொள்வார், அது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கை ஏற்கெனவே பாதி நீண்டிருந்தது. வாங்கிக்கொண்டு உள்ளே போய், திரையை மூடி, மர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். இந்தக் கழுத்து எறும்பிலிருந்து கோட்டானுக்கு விடுதலை கிடைத்துவிடும். அதற்காகத்தானே இன்றைக்கே போகலாம் என்று அவசரப்படுத்தினாள்.

அவள் நிமிர்ந்து டாக்டரம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். ஜன்னலைத்தான் பார்க்குது. மத்ததுங்க மாதிரியே."

"நிஜமாவா?"

"சாயங்காலமானா தூங்கிடுது" என்றாள் கோட்டான்.

நீண்டிருந்த கை கீழே இறங்கியது. டாக்டரம்மா மூச்சை விட்டார். பிறகு அழுதார், சத்தமில்லாமல், கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு. அண்ணி ஏறிப்போய் அவர் தோளைத் தொட்டாள். கோட்டான் செடியோடு படியிறங்கினாள். வழியில் கிடந்த ஆரஞ்சை எடுத்துத் துடைத்து, டோக்கன் பெண்ணின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வேனில் பாலம் தாண்டியதும், "குப்பைமேட்டுப் பக்கம் போறேன். இறக்கி வெச்சுட்டு வந்துடலாம்" என்றாள் அண்ணி.

"வேணாம்."

"ஏண்டி? ஜன்னலைப் பார்க்குதுன்னியே, பொய்தானே? எனக்குத் தெரியாதா, நீ ஏன் சமையல்கட்டுல வந்து சாப்பிடறன்னு."

"தொலைஞ்சா தேடும் அண்ணி" என்றாள் கோட்டான். "யாரையாவது தேடும்."

அண்ணி குப்பைமேட்டுக்குத் திரும்பும் இடத்தில் திரும்பாமல் நேராக வீட்டுக்கு ஓட்டினாள். கோட்டானின் மடியில், வேனின் கண்ணாடி வழியாக வந்த அத்தனை வெளிச்சத்தையும் விட்டுவிட்டு, இலைகள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தன.

கொட்டகையில் தொட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தாள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம் இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் முதல் தூங்குமூஞ்சி மடியத் தொடங்கி, காகிதச் சத்தம் கேட்டது. வழக்கமாக அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பூட்டை எடுக்கப் போகும் நேரம்.

அவள் ஸ்டூலை இழுத்து வந்து செடிக்கு நேர் எதிரே போட்டாள். உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தாள்.

எறும்பு ஊர்ந்தது. கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்கியது. எழுந்து வெளியே நடந்துவிடலாம் என்று கால்கள் சொல்லின. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுவில் இருந்த பெரிய இலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இலையாக, ஒவ்வொரு கோடாக. இத்தனை வருஷத்தில் இதை யாரும் பதிலுக்குத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. டாக்டரம்மா புத்தகத்தைப் பார்த்திருப்பார், தட்டைப் பார்த்திருப்பார், தரையைப் பார்த்திருப்பார்.

வீட்டுக்குள்ளிருந்து அண்ணி கூப்பிட்டாள். "கோட்டான், சாப்பிட வரல?"

"வரேன் அண்ணி. நீங்க சாப்பிடுங்க."

மற்றச் செடிகள் எல்லாம் தூங்கிவிட்டன. கொட்டகையில் வெளிச்சம் கம்மியாகி, இலைகளின் விளிம்புகள் மட்டும் தெரிந்தன. அப்போது ஓரத்தில் இருந்த ஒரு இலை, புதிதாக வந்ததில் மிகச் சின்னது, அது ஆஸ்பத்திரியிலேயே பிறந்தது, லேசாக நடுங்கியது. காகிதம் உரசும் சத்தம் மிக மெதுவாகக் கேட்டது. அது காம்பைத் தூக்கி, மேல்நோக்கி மடிந்துகொண்டது.

மீதி இலைகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்கும் அவசரமில்லை.